பித்திவியேயில் பிறந்தவருக்கு எதற்கு ஆப்பிரிக்கப் பக்கம்?

இலக்கிய வட்டத்தின் தலைவர், செயலாளர், சிறப்பிதழ் ஆசிரியர் குழுவினர் ஆகியோருக்கு,

பிரெஞ்சு இலக்கியச் சிறப்பிதழுக்காக நான் அனுப்பிய மரி என்தியாய் பற்றிய கட்டுரையைத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். கட்டுரை நன்றாக இல்லை என்று எழுதியிருந்தால் திருத்திக் கொடுத்திருப்பேன். நீங்கள் சொன்ன காரணங்கள் வேறு. அவர் ஆப்பிரிக்க எழுத்தாளராம், பின்னால் ஆப்பிரிக்க இலக்கியத்துக்கென்று ஓர் இதழ் வரும்போது பார்த்துக்கொள்ளலாமாம். அப்போதும் நாடகங்களைப் பற்றிய பகுதி வேண்டாமாம், நம் வாசகர்கள் நாடகம் படிப்பதில்லையாம். தொலைபேசியில் பேசிய குழு நண்பர் ஒருவர் இன்னும் வெளிப்படையாகவே சொன்னார்: "மொதல்ல நெஜமான பிரெஞ்சு எழுத்தாளர்களை முடிச்சிடலாம்க்கா, அப்புறம் இவங்களைப் பார்ப்போம்."

இதைக் கேட்ட பிறகு செயலாளருக்குத் தனியாகப் பதில் எழுதி முடித்துக்கொள்ள மனம் வரவில்லை. வட்டத்தின் எல்லா உறுப்பினர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

மரி என்தியாய் 1967இல் பித்திவியே என்ற ஊரில் பிறந்தவர். பாரிசுக்குத் தெற்கே, லுவாரே மாவட்டத்தில், கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் சிறிய ஊர் அது. அம்மா பிரெஞ்சுக்காரர், பள்ளியில் அறிவியல் ஆசிரியை. அப்பா செனெகல்காரர். மகள் கைக்குழந்தையாக இருந்தபோதே ஆப்பிரிக்காவுக்குத் திரும்பிவிட்டார். அதன்பின் தந்தையை அவர் பார்த்தது மிகச் சில முறைதான். பாரிசின் தெற்குப் புறநகரில், பூர்-லா-ரென் பக்கம், அம்மாவிடம் வளர்ந்தார். ஆப்பிரிக்க மண்ணை மிதித்ததே வளர்ந்து ஆளான பிறகு. தனக்கு இரு பண்பாடு கலந்த வளர்ப்பு வாய்க்கவில்லை, முழுக்கப் பிரெஞ்சுச் சூழலில்தான் வளர்ந்தேன் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பெயரும் தோல் நிறமும்தான் மற்றவர்களுக்கு அப்பாவை நினைவூட்டுகின்றன.

அவருடைய அண்ணன் பப் என்தியாய் வரலாற்றாசிரியர். பிரான்சில் கறுப்பர்களாக வாழ்பவர்களின் நிலை பற்றி 2008இல் முக்கியமான நூல் ஒன்று எழுதினார். 2022 மே முதல் 2023 ஜூலை வரை நாம் வாழும் இந்தப் பிரான்சின் கல்வி அமைச்சராக இருந்தார். நம் பிள்ளைகளின் பள்ளிகளெல்லாம் அவருடைய பொறுப்பில்தான் இருந்தன. அதே தாய், அதே தந்தை, அதே புறநகர். அண்ணன் பிரான்சின் அமைச்சர் என்றால் தங்கை மட்டும் எப்படி வேறு கண்டத்துக்குப் போய்விடுகிறார்? இதற்குக் குழு பதில் சொல்லியே ஆக வேண்டும்.

போன ஆண்டுவிழாவில் தலைவர் ஐயா மேடையில் பேசியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பள்ளியில் ஆசிரியை அவருடைய பேரனிடம் எந்த ஊர் என்று கேட்டாராம். பாரிஸ் புறநகரான நம் சார்செல்தான் என்றானாம் பையன். அது சரி, உண்மையில் எந்த ஊர் என்று மறுபடியும் கேட்டாராம். ஐயாவுக்கு அதைச் சொல்லும்போது குரல் நடுங்கியது. அரங்கில் இருந்த எல்லோருக்கும் கோபம் வந்தது. பிள்ளை இங்கே பிறந்தவன், அவன் அப்பா இங்கே பிறந்தவர், இன்னும் எத்தனை தலைமுறைக்கு இந்தக் கேள்வி என்று கேட்டீர்கள். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். அந்த ஆசிரியை பேரனிடம் கேட்ட கேள்வியைத்தான் ஐயா, நம் குழு இப்போது என்தியாயிடம் கேட்டிருக்கிறது.

நம்மில் பாதிப் பேர் புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பிரெஞ்சு ஆட்சியின் 1881ஆம் ஆண்டு ஆணையின்படி சாதி வழக்கத்தைத் துறந்து, பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்று, புதிய குடும்பப் பெயர் பதிந்துகொண்டவர்களின் கொள்ளுப்பேரர்கள் நம் வட்டத்திலேயே இருக்கிறார்கள். புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1962இல் நடைமுறைக்கு வந்தபோது கையெழுத்துப் போட்டுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்ட தாத்தாக்களின் கதை நமக்கு மனப்பாடம். யார் பிரெஞ்சுக்காரர் என்ற கேள்வியில் இவ்வளவு அடிபட்ட கூட்டம், ஒரு பெண்ணின் குடும்பப் பெயரைப் பார்த்துவிட்டு அவரை வேறு அலமாரிக்கு அனுப்பலாமா?

என்தியாயின் எழுத்து வாழ்க்கையே நீங்கள் செய்ததைப் பற்றியதுதான். அதனால்தான் எனக்கு இவ்வளவு வலிக்கிறது. 1990இல் வந்த அவருடைய நாவலின் பெயரைக் 'குடும்பத்தில்' என்று தமிழில் சொல்லலாம். ஃபனி என்ற பெண் பாட்டி வீட்டுக்கு வருகிறாள். வாசலில் நாய்கள் குரைக்கின்றன. உள்ளே இருப்பவர்களுக்கு அவளைத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் தெரியாதது போல இருக்கிறார்கள். லேதா என்ற சித்தியைக் கண்டுபிடித்துவிட்டால் குடும்பத்தில் தனக்கு இடம் கிடைத்துவிடும் என்று நம்பி ஊர் ஊராக அலைகிறாள். அவளிடம் என்ன குறை என்று நாவல் கடைசிவரை நேராகச் சொல்வதில்லை. நிறம் என்ற பேச்சையே எடுக்காமல் நாவல் முழுவதும் அந்த விலக்கத்தை மட்டும் எழுதிக்கொண்டு போகிறார். படிக்கிறவர்தான் அந்தக் காலி இடத்தை நிரப்பிக்கொள்ள வேண்டும். நிரப்பும்போது நம் மனதில் என்னென்ன கிடக்கிறது என்று நமக்கே தெரிந்துபோகிறது.

2007இல் வந்த இன்னொரு நாவலில் போர்தோ நகரத்தில் கணவன் மனைவி இருவரும் பள்ளி ஆசிரியர்கள். நதியா, ஆன்ழ். ஒருநாள் திடீரென்று ஊரே அவர்களை ஒதுக்குகிறது. பிள்ளைகள் பயந்து விலகுகிறார்கள், கடைக்காரர் முகம் திருப்புகிறார், கணவனுக்கு உடம்பில் காயம். ஏன் என்று யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். 2013இல் வந்த 'லாதிவீன்' நாவலில் ஒரு மகள் தன் பெயரையே மாற்றிக்கொண்டு, வீட்டு வேலை செய்யும் கறுப்புத் தாயைக் கணவனிடமிருந்தும் பெற்ற பெண்ணிடமிருந்தும் மறைத்து வைக்கிறாள். மாதம் ஒருமுறை செவ்வாய்க்கிழமை ரகசியமாக ரயிலேறி அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறாள். இதெல்லாம் நடப்பது போர்தோவில், பிரெஞ்சு மாகாண நகரங்களில், ரவுண்டானாக்களும் பல்பொருள் அங்காடிகளும் நிறைந்த சாதாரணப் பிரான்சில். இதைப் பிரெஞ்சு இலக்கியம் இல்லை என்றால் எது பிரெஞ்சு இலக்கியம்?

எழுத்தாளராக அவர் வந்த வழியும் சுத்தப் பிரெஞ்சு வழிதான். முதல் நாவல் 1985இல் மினுயி பதிப்பகத்தில் வெளிவந்தது. ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில், 1941இல், தலைமறைவாகத் தொடங்கப்பட்ட பதிப்பகம் அது. நாடகாசிரியர் பெக்கெட்டை வெளியிட்டது. அதன் தலைவர் ழெரோம் லேன்தோன் கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டு, ஒப்பந்தத்தோடு என்தியாய் படித்த லிசே (மேல்நிலைப் பள்ளி) வாசலில் போய் நின்றார் என்று ஒரு கதை இங்கே வழங்குகிறது. அப்போது என்தியாய்க்கு வயது பதினேழு. இரண்டாவது நாவல் முழுவதும் ஒரே வாக்கியம். இருபது வயதில் செய்த குறும்பு என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்த மொழியில் கைதேர்ந்தவர்தான் அப்படி விளையாட முடியும். ப்ரூஸ்ட் படித்து வளர்ந்தவரின் நீண்ட வாக்கியங்கள் அவருடையவை. ஓர் எண்ணம் தொடங்கி, தன்னையே மறுத்து, சந்தேகப்பட்டு, வளைந்து வளைந்து போய் எங்கோ முடியும். நான் முதலில் படித்தபோது திணறினேன். இப்போதும் சில பக்கங்களில் திணறுகிறேன். கடினம் என்பதைக் காரணமாகச் சொல்லியிருந்தால் உங்களோடு உட்கார்ந்து வாதாடியிருப்பேன், கோபம் வந்திருக்காது.

2001இல் 'ரோசி கார்ப்' நாவலுக்கு ஃபெமினா பரிசு. 2009 நவம்பர் 2ஆம் தேதி 'மூன்று வலிமையான பெண்கள்' நாவலுக்குப் பிரான்சின் மிகப் புகழ்பெற்ற இலக்கியப் பரிசான கோன்கூர். அந்தப் பரிசைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். 1921இலேயே ரெனே மரானுக்குக் கிடைத்திருக்கிறது, அதாவது கறுப்பின ஆண் ஒருவருக்குப் பிறகு பெண் ஒருவர் வர எண்பத்தெட்டு ஆண்டு ஆகியிருக்கிறது. பரிசுத் தொகை வெறும் பத்து யூரோ என்பது உங்களுக்குத் தெரியும். காசோலையைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் புத்தகம் லட்சக்கணக்கில் விற்கும். விற்றது.

நீங்கள் அவரை ஆப்பிரிக்க எழுத்தாளர் என்று முடிவு கட்டியது இந்த ஒரு புத்தகத்தை வைத்துத்தான் என்று நினைக்கிறேன். அதிலும் மூன்றில் ஒரு பகுதி முழுக்கப் போர்தோ இருக்கும் ஜிரோந்து மாவட்டத்தில் நடக்கிறது. ரூதி என்ற வெள்ளைக்காரர், சமையலறைச் சாமான் விற்பனையாளர், ஒரே ஒரு நாள் முழுவதும் தன் தோல்வியையும் பொய்யையும் மனதில் உருட்டிக்கொண்டு காரில் அலைகிறார். அவருடைய மனைவி ஃபாந்தா செனெகல் தலைநகரான தக்காரில் லிசே ஆசிரியையாக இருந்தவள். இங்கே வந்து வீட்டோடு முடங்கிப்போகிறாள். ஊரில் ஆசிரியையாகவும் கணக்காளராகவும் இருந்துவிட்டு இங்கே வந்து ஓட்டலில் பாத்திரம் கழுவியவர்கள் நம் வட்டத்தில் எத்தனை பேர் என்று நான் எண்ணிக் காட்ட வேண்டியதில்லை. மூன்றாம் பகுதியில் வரும் காதி தெம்பா பிள்ளையில்லாத விதவை. புகுந்த வீட்டார் அவள் கையில் கொஞ்சம் பணத்தைக் கொடுத்து ஐரோப்பாவுக்குப் போ என்று விரட்டிவிடுகிறார்கள். பாலைவனம், ஏமாற்று, உடம்பை விற்றுப் பிழைக்கும் நிலை, கடைசியில் எல்லை வேலி. தன் பெயரை மட்டும் திரும்பத் திரும்பத் தனக்குள் சொல்லிக்கொள்கிறாள்.

இந்தப் பகுதியை நம் வாசிப்புக் கூட்டம் ஒன்றில் கதையாகச் சொன்னேன். அன்று வந்திருந்த ஈழத்து நண்பர் ஒருவர், கிழக்கு ஐரோப்பாவின் காடுகளைக் கடந்து, முகவர்களிடம் சிக்கி, பல மாதம் கழித்து இங்கே வந்து சேர்ந்தவர், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து புத்தகத்தின் பெயரை எழுதித் தரச் சொன்னார். எழுதியவர் வெள்ளையா கறுப்பா, அப்பா எந்த நாடு என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. "இவ எங்க இருந்து இதையெல்லாம் தெரிஞ்சுகொண்டவ?" என்றுதான் கேட்டார்.

கோன்கூருக்குப் பிறகு நடந்ததையும் குழு மறந்திருக்காது. அவர் 2007இலேயே கணவர், மூன்று பிள்ளைகளோடு பெர்லினுக்குக் குடிபெயர்ந்திருந்தார். கணவர் ழான்-ஈவ் சாந்த்ரேயும் எழுத்தாளர். 2009 ஆகஸ்டில், பரிசுக்கு முன்பே, பாரிஸ் வாரப் பத்திரிகை ஒன்றுக்குக் கொடுத்த பேட்டியில் அன்றைய அதிபர் சர்கோசியின் பிரான்சைக் கொடூரமானது என்றார். போலீஸ் கெடுபிடி, இழிவான சூழல் என்று பட்டென்று பேசினார். பரிசு கிடைத்த பிறகு எரிக் ராவூல் என்ற ஆளுங்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர், முன்னாள் அமைச்சர், அந்தப் பேட்டியைத் தோண்டி எடுத்தார். கோன்கூர் வாங்கியவர்கள் நாட்டின் பெயரைக் காக்கும்படி அடக்கத்தோடு பேசக் கடமைப்பட்டவர்கள் என்று கலாச்சார அமைச்சர் ஃபிரெதெரிக் மித்தெரானுக்கு எழுத்துப்பூர்வமாகக் கேள்வி அனுப்பினார். அப்படியொரு விதி எங்கும் இல்லை என்று கோன்கூர் கழகத்தில் இருந்த பெர்னார் பிவோ சொன்னார். அமைச்சரோ, இருவருக்கும் நடுவே தீர்ப்புச் சொல்வது என் வேலையில்லை என்று நழுவினார். ஒரு எழுத்தாளர் பக்கம் நிற்க வேண்டிய இடத்தில் கலாச்சார அமைச்சர் கைகழுவியது அன்று பலருக்குக் கசந்தது. என்தியாய் தான் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். அவரை அடக்கப் பார்த்த ராவூலுக்குக்கூட அவர் பிரெஞ்சு எழுத்தாளர் என்பதில் சந்தேகம் இல்லை! பிரான்சின் பெயரைக் காப்பாற்றும் பொறுப்பை அவர் தலையில் கட்டியதே அதனால்தான். நம் குழுவுக்கு மட்டும்தான் அந்தச் சந்தேகம்.

இனி நாடகம். நீங்கள் வெட்டச் சொன்ன பகுதி. எனக்கு மிக நெருக்கமானதும் இதுதான்.

1999இல் மினுயியில் வந்த 'இல்தா' அவருடைய முதல் நாடகம். லெமார்ஷான் சீமாட்டிக்கு வீட்டு வேலைக்கும் பிள்ளை பார்க்கவும் ஒரு பெண் வேண்டும். இல்தா என்ற பெயர் பிடித்துப்போய் அவளுடைய கணவன் ஃபிரான்க்கிடம் பேரம் பேசுகிறாள். தான் இடதுசாரி, முற்போக்கு, வேலைக்காரியைத் தோழியாக நடத்துபவள் என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொள்கிறாள். முன்பணம் கொடுக்கிறாள். நேரம் கூடுகிறது. இரவு தங்கச் சொல்கிறாள். கணவனும் குழந்தைகளும் வீட்டில் காத்திருக்க இல்தா மெல்ல மெல்ல முழுதாக அந்த வீட்டுக்குச் சொந்தமாகிப்போகிறாள். இதில் இல்தா மேடைக்கு வருவதே இல்லை. ஒரு வசனம்கூடக் கிடையாது. அவளைப் பற்றி மற்றவர்கள் பேசுவதுதான் நாடகம்.

நான் பாரிசுக்கு வந்த புதிதில் மேற்குப் புறநகரில் ஒரு வீட்டில் பிள்ளை பார்த்தேன். அந்த அம்மாள் நல்லவர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். என் பெயர் நீளமென்று பாதியாக வெட்டி, அழகாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார். மதியம் தன்னோடு மேசையில் உட்கார்ந்து சாப்பிடச் சொல்வார். சாப்பிட்ட மேசையை நான் துடைக்க வேண்டும். இந்தியப் பெண்களின் நிலை பற்றி எனக்கே விளக்குவார். நீ எங்கள் குடும்பத்தில் ஒருத்தி என்பார். என் மகளுக்குக் காய்ச்சல், இன்று சீக்கிரம் போகிறேன் என்று சொன்ன நாளில் அவர் முகத்தில் வந்த ஏமாற்றத்தை என்னால் மறக்க முடியவில்லை. கோபப்படவில்லை, கத்தவில்லை. துரோகம் செய்துவிட்டதைப் போலப் பார்த்தார். மறுநாள் மகளுக்கு ஒரு பொம்மை கொடுத்தனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கான கூலி மட்டும் வந்தபாடில்லை. கேட்கவும் வாய் வரவில்லை, குடும்பத்தில் ஒருத்தி ஆயிற்றே.

பல ஆண்டு கழித்து 'இல்தா'வைப் படித்தபோது அந்தச் சீமாட்டியின் ஒவ்வொரு வாக்கியமும் எனக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருந்தது. நல்ல மனம் எப்படிப் பிடியாக மாறுகிறது என்பதை இவ்வளவு துல்லியமாக நான் வேறெங்கும் படித்ததில்லை. நம் வாசகர்கள் நாடகம் படிப்பதில்லை என்கிறீர்கள். வட்டத்துக்கு வரும் பெண்களில் எத்தனை பேர் இல்தாவின் வேலையைச் செய்தவர்கள், இன்றும் செய்பவர்கள் என்று குழுவில் உள்ள ஆண்கள் ஒருமுறை தங்கள் வீட்டிலேயே கேட்டுப் பார்க்கலாம்.

2003இல் 'அப்பா சாப்பிட வேண்டும்' கொமெதி ஃபிரான்சேசின் நிலையான நாடகப் பட்டியலில் சேர்ந்தது. 1680இல் நிறுவப்பட்ட அரங்கம் அது. மொலியேர், ரசீன், கொர்னேய் வரிசையில் ஒரு நாடகத்தைச் சேர்ப்பதென்றால் குழு கூடிப் படித்து முடிவெடுக்க வேண்டும். பெண்கள் எழுதிய நாடகங்கள் அங்கே மிகக் குறைவு. உயிரோடு இருக்கும் பெண்ணின் நாடகம் சேர்வது அபூர்வத்திலும் அபூர்வம். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது. இயக்கியவர் ஆந்த்ரே எங்கெல். தந்தையாக நடித்தவர் பக்காரி சங்காரே. அந்த அரங்கின் நடிகர் குழுவில் அவர் சேர்ந்ததும் அந்தச் சமயத்தில்தான். 

கதை இதுதான். பாரிஸ் புறநகரான குர்பவுவாவில் ஒரு வீடு. பத்து ஆண்டுகளுக்கு முன் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுப் போன தந்தை கதவைத் தட்டுகிறார். மூத்த மகள் மினா திறக்கிறாள். தான் பெரிய பணக்காரனாகிவிட்டதாக அளக்கிறார். உண்மையில் பணம் கேட்கத்தான் வந்திருக்கிறார். அம்மாவோடு இப்போது செல்னேர் என்ற பிரெஞ்சு ஆசிரியர் வாழ்கிறார், கண்ணியமான இடதுசாரி. அந்தக் கறுப்பரை வெறுக்க அவருக்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன, ஆனால் ஒரு கறுப்பரை வெறுக்கத் தன் கொள்கை இடம் கொடுக்கவில்லை. அவர் தவிக்கும் தவிப்பு சிரிப்பையும் கூச்சத்தையும் சேர்த்து வரவழைக்கும். அம்மாவின் பிறந்த வீட்டாரோ கூச்சமே இல்லாமல் நிறவெறி பேசுகிறார்கள். இதில் தந்தை புனிதரும் இல்லை. பொய்யர், அழகர், சுயநலக்காரர். பாதிக்கப்பட்டவரை நல்லவராகக் காட்டிப் பார்வையாளரை அழவைக்கும் வேலையை என்தியாய் செய்வதே இல்லை. அதனால்தான் எனக்கு அவரைப் பிடிக்கும். நம் மேடை நாடகங்களில் புலம்பெயர்ந்த அப்பா எப்போதும் தியாகியாகவே வருவதைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வரும், வரட்டும்.

'பாம்புகள்' நாடகத்தில் ஜூலை 14, சோளக்காட்டு நடுவே ஒரு வீட்டு வாசல், கொளுத்தும் வெயில். மூன்று பெண்கள் வெளியே நிற்கிறார்கள்: உள்ளே இருப்பவனின் தாய், மனைவி, முன்னாள் மனைவி. அவனும் மேடைக்கு வருவதில்லை. தாய் வந்தது கடன் கேட்க. நாடு முழுக்கத் தேசிய நாள் கொண்டாட்டம், வாணவேடிக்கை, அந்த வீட்டு வாசலில் மட்டும் பயம். மனைவியின் பெயர் ஃபிரான்ஸ். இதைவிடப் பிரெஞ்சாக ஒரு நாடகம் எழுத முடியுமா என்று குழு எனக்குச் சொல்லட்டும்.

திரைக்கும் எழுதியிருக்கிறார். இயக்குநர் கிளேர் தெனியோடு சேர்ந்து ஒரு படம், பிறகு 2022இல் ஆலிஸ் தியோப் இயக்கிய 'சேன்-தொமேர்'. வட பிரான்சில் பெர்க் கடற்கரையில் தன் குழந்தையை அலைவாயில் விட்டுவந்த தாயின் உண்மை வழக்கை வைத்து எடுத்தது. வெனிஸ் விழாவில் நடுவர் குழுவின் பெரும் பரிசு பெற்றது. சென்ற மாதங்களில் நம் வட்டத்தின் திரையிடல் பட்டியலில் அந்தப் படம் இருந்தது, பிரெஞ்சுப் படம் என்ற தலைப்பில்! வசனம் எழுதியபோது பிரெஞ்சுக்காரர், நாவல் எழுதினால் ஆப்பிரிக்கர் என்பது எந்த நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

உங்கள் பக்கத்தில் சொல்ல ஒரு நியாயம் உண்டு. ஆப்பிரிக்க எழுத்துகளுக்கென்று தனி இதழ் கொண்டுவருவது நல்ல முயற்சி. தமிழில் அது குறைவு. அதற்கு நானும் வேலை செய்கிறேன். ஆனால் அந்த இதழில் செனெகலிலும் காங்கோவிலும் கேமரூனிலும் பிறந்து, அந்த மண்ணைத் தங்கள் மண்ணாக எழுதியவர்கள் இருக்கட்டும். மரியாமா பா இருக்கட்டும், உஸ்மான் செம்பேன் இருக்கட்டும். அவர்களுக்குரிய இடத்தை பித்திவியேக்காரருக்குக் கொடுப்பது அவர்களுக்கும் அநீதிதான்.

நான் கேட்பவை இவை.

என் கட்டுரையை, நாடகப் பகுதியை வெட்டாமல், பிரெஞ்சு இலக்கியச் சிறப்பிதழிலேயே வெளியிடுங்கள். பக்கம் போதவில்லையென்றால் கோன்கூர் சச்சரவு பற்றிய பகுதியை நானே குறைத்துத் தருகிறேன், நாடகத்தைத் தொட வேண்டாம். ஏற்கெனவே அச்சுக்குப் போய்விட்டது என்று சொல்லாதீர்கள், அட்டை இன்னும் வடிவமைப்பாளரிடம்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

இதழின் உள்ளடக்கத்தில் எழுத்தாளர்களைப் பெற்றோரின் நாட்டை வைத்துப் பிரிக்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள். எந்த மொழியில் எழுதினார், எந்த மண்ணில் வளர்ந்தார், எதை எழுதினார் என்று பாருங்கள். இதே அளவுகோலை நாளை இங்கே பிறந்து பிரெஞ்சில் எழுதப்போகும் நம் பிள்ளைகளுக்கும் வைக்க வேண்டியிருக்கும் என்பதால் இதைச் செயற்குழுத் தீர்மானமாகவே பதிவு செய்யக் கேட்கிறேன்.

அடுத்த ஆண்டுவிழாவில் 'இல்தா'வைத் தமிழில் வாசிப்பு நாடகமாக நடத்த அனுமதி கொடுங்கள். நாம் 1901ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிந்த சங்கம். மொழிபெயர்ப்பு அனுமதிக்கு மினுயி பதிப்பகத்துக்கும், மேடையேற்றும் உரிமைக்கு நாடகாசிரியர்கள் சங்கத்துக்கும் சங்கத்தின் பெயரில் கடிதம் போக வேண்டும். கடித வரைவைப் பிரெஞ்சில் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன், தலைவர் கையெழுத்துப் போட்டால் போதும். மொழிபெயர்ப்புக்குக் காசு வேண்டாம். சீமாட்டியாக நடிக்க ஆள் தேட வேண்டாம், எங்கள் தையல் வகுப்பில் இருவர் இப்போதே போட்டி போடுகிறார்கள்.

கடைசியாக, தொலைபேசியில் பேசிய நண்பர் தான் சொன்னது சரிதான் என்று நினைத்தால் அதைக் குழுக் கூட்டத்தில் எல்லோர் முன்னும் சொல்லட்டும். நானும் வருகிறேன். இந்த மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்தக் கடிதத்தைச் சேர்த்து, முடிவை எனக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
வட்டத்தின் உறுப்பினர், கட்டுரை திரும்பிவந்தவர்
சார்செல்